மீந்த தோசையும் ஒரு லிட்டர் தண்ணீரும்

செவ்வாய்க்கிழமைகளில் காலை ஏழரைக்கு நான் தூத்துக்குடியில் ஸ்கேன் எடுக்கும் உடற்படக் கூடத்தில் இருப்பேன். நான் டாக்டர் அல்ல, நினைவுத்துணை. சினைப்பையில் கட்டி தெரிந்தால், கருவி தன் சேமிப்பிலுள்ள ஸ்கேன்களில் அதற்கு மிக நெருங்கியதைத் தேடி எடுக்கும். அந்தப் படத்துக்குரியவரையோ, அவர் இல்லையென்றால் அவரோடு வாழ்ந்தவரையோ அழைத்து, நோயாளியோடு பேசவைத்த பிறகே முடிவு எழுதலாம் என்பது சட்டம். என் மனைவி அமலோற்பவத்தின் படம் அடிக்கடி வரும்.

அன்று வந்தவள் செண்பகவல்லி. டிராம் ஓட்டுபவள், முப்பத்தொரு வயது. இரண்டு சினைப்பைகளிலும் கெட்டியான கட்டிகள். அங்கேயே தோன்றியவையா, வேறு உறுப்பிலிருந்து பரவியவையா என்பதுதான் கேள்வி. தோன்றிய இடம் தெரிந்தால் அதற்குரிய மருந்து இப்போது முழுதாகக் குணமாக்கும். தெரியாமல் வெட்டினால் வெட்டியதோடு சரி. அமலிக்கு வெட்டினார்கள். தோன்றிய இடம் இரைப்பை என்று தெரிந்தபோது நாள் கடந்திருந்தது.

கருவி சினைப்பையின் பக்கமே சாய்ந்தது. இரைப்பையில் எதுவும் தெரியவில்லை. சாப்பாடு எப்படி என்று டாக்டர் ஜெசிந்தா கேட்டதற்கு, நன்றாக என்று சொல்லியிருந்தாள்.

நான் வேறு மாதிரி கேட்டேன். தட்டில் மீந்ததை யார் சாப்பிடுவது என்று.

"எங்க வீட்டுக்காரருதான். ஒரு தோசைக்கு மேல எனக்கு இறங்கல. அவருக்கு மூணே மாசத்துல தொப்பை விழுந்துருச்சு அண்ணாச்சி."

"எனக்கும் அப்படித்தாம்மா விழுந்துச்சு."

ஒரு தோசையிலேயே வயிறு நிறைகிறதென்றால் கோளாறு இரைப்பையில் இருக்கலாம் என்று டாக்டருக்கு உடனே விளங்கியது. முதல் படம் வெறும் வயிற்றில் எடுத்தது. சுருங்கிக் கிடக்கும் இரைப்பையில் சுவரின் தடிப்பு மறைந்துபோகும். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பாதியிலேயே அவள் திணற, நானும் ஒரு பாட்டிலோடு எதிரில் உட்கார்ந்தேன். இந்த வயதில் பொம்பளையோடு போட்டியா என்று சிரித்து, இரண்டு முறை புரையேறி, குடித்து முடித்தாள்.

மறுபடத்தில் இரைப்பை விரிந்தது. ஓரிடம் மட்டும் விரியாமல் விறைத்து நின்றது. புற்றைக் கண்டு கூடமே கைதட்டியது. திசுச் சோதனையும் அதையே சொல்ல, அந்த வாரமே மருந்து தொடங்கினார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு அழைப்பு வரவில்லை. பழக்கதோஷத்தில் போய் நின்றேன். உள்ளே எனக்குத் தெரிந்த குரல் ஒன்று யாரோ ஒரு பெண்ணைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தது. கதவில் ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். படத்துக்குரியவர்: செண்பகவல்லி. நினைவுத்துணை: செண்பகவல்லி.

இரண்டு இடத்திலும் ஒரே பெயரை நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தேன்.