முகவரி நீலமானது

மயூரி அந்த முகவரியைக் கறுப்பாகத்தான் விட்டிருந்தாள். குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது அது நீலமாக, அடியில் கோடும் இழுத்துக்கொண்டு, தொட்டால் திறக்கத் தயாராக நின்றது.

சின்ன விஷயம்தான். வேறு யாருடைய தொழிலிலாவது நடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மயூரியும் அவள் புருஷன் ஜனாவும் செய்தது, செத்தவீடுகளை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு லைவ் காட்டுகிற வேலை. ஜனா கமராவைத் தூக்கிக்கொண்டு வீடுகளுக்குப் போவான். மயூரி வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருந்தபடி கனடாவுக்கும் லண்டனுக்கும் நோர்வேக்கும் மரண அறிவித்தலை மின்னஞ்சலில் அனுப்புவாள். அதன் கடைசி வரியில் லைவ் பார்க்கிற முகவரி இருக்கும். அதை வெறும் எழுத்தாக விட்டால் பெரியப்பாமாருக்குச் சரிவராது. அந்நிய தேசத்தில் இரவும் பகலும் உழைத்து வீடு வாங்கின மனிதர்களுக்கு ஒரு முகவரியைக் கொப்பி பண்ணி மேலே ஒட்டத் தெரியாது. "பிள்ளை, அமத்தி அமத்திப் பாக்கிறன், ஒண்டும் வருகுதில்லை" என்று போன் எடுத்து அழுவார்கள். ஆகவே அந்த எழுத்தைத் தேர்ந்து, இணைப்புப் பொத்தானை அமத்தி, நீலமாக்கித்தான் அனுப்பவேண்டும்.

ஒரு கண்டிப்பு மட்டும் இருந்தது. செத்தவரின் பெட்டி வீட்டுக்குள் வந்து, "பொடி வந்திட்டுது" என்று ஜனா போனில் சொன்ன பிறகுதான் நீலம். அதுவரை கறுப்பு. பெட்டி வைக்கிற மேசை வெறுமையாக இருக்கிறபோது நாலு பேரைப் பார்க்கவிடக் கூடாது என்று மாமிமார் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மேசை வெறுமையாக இருக்காதாம். ஜனா இதைக் கேட்டுச் சிரிப்பான். மயூரி சிரிக்கமாட்டாள்.

இன்றைக்கோ பெட்டியே இல்லை. கொட்டாஞ்சேனைப் பாலசுந்தரம் இன்னும் சாகவில்லை. பொரளையில் ஓர் ஆஸ்பத்திரியில் மனிசன் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தார். டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள், எல்லாத்தையும் ரெடி பண்ணி வையுங்கோ என்று லண்டனிலிருந்து மகன் றமேஷ் சொல்லியிருந்தான்.

"ஆள் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கேக்க அறிவித்தல் எழுதுறதே?" என்று மயூரி மத்தியானம் கேட்டாள். அவளுக்கு அது அறவே பிடிக்கவில்லை.

"எழுதி வையும். அனுப்பாதையும். அவ்வளவுதானே," என்றான் ஜனா. பாலசுந்தரத்தின் வீட்டுக் கதவுத் திறப்பு பக்கத்து வீட்டு லுத்பியாவிடம் இருக்கிறதாம், மேசையும் கதிரையும் போட்டு, கமராவைப் பூட்டிச் சரிபார்த்துவிட்டு வந்துவிடுவானாம். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகத்தான் போனான்.

மயூரி அந்த நீலத்தை எடுத்துவிட்டாள். முகவரி கறுப்பாயிற்று. கண்ணாடி லூவர்களுக்கூடாகக் கடலின் உப்புக் காற்றும், கீழ்க் கடையில் யாரோ பொரிக்கிற கருவாட்டின் வாசமும் சேர்ந்து வந்தன. தெகிவளைப் பக்கம் போகிற ரயில் கடலோரமாக இரைந்துகொண்டு போக, மேசையில் கிடந்த கரண்டி தேத்தண்ணீர்க் கோப்பையில் கிணுகிணுவென்று அடித்தது. அவள் கரண்டியை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பியபோது முகவரி மறுபடியும் நீலமாக இருந்தது. இந்தக் கொம்பியூட்டருக்குக் கழுத்தைத் திருகவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு முழு வரியையும் அழித்தாள். அறிவித்தல் வெறும் பாலசுந்தரத்தின் பெயரோடு முடிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, கீழே ஒவ்வோர் எழுத்தாக முகவரி திரும்பி வந்தது. இந்த முறை ஊதா நிறத்தில்.

ஒருமுறை திறந்து பார்த்த முகவரிதான் ஊதாவாகும். அவள் திறக்கவில்லை. அனுப்பவும் இல்லை.

இப்போது திறந்தாள். பாலசுந்தரத்தின் ஹோல் தெரிந்தது. சிவப்புச் சீமெந்து நிலம், சுவரோரமாகப் பிளாஸ்டிக் கதிரைகள், நடுவே வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. ஜனா குந்தியிருந்து வயருக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகைக் கண்டதும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான் மூலையில் இருந்த இலக்கத்தைப் பார்த்தாள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற இலக்கம். அவள் ஒருத்திதான் இருக்கவேண்டும். நூற்றைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. றமேஷ்.

"அக்கா, அப்பா கண் முழிச்சிட்டார்," என்றான். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவன் குரல். "எழும்பி இருந்து கஞ்சி கேட்டவராம். டொக்டருக்கே நம்பேலாமக் கிடக்காம். எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ அக்கா."

"கடவுளே, நல்ல காரியம் தம்பி," என்றாள் மயூரி. மனதார மகிழ்ந்தாள். அந்த மகிழ்ச்சி போனை வைக்குமட்டுந்தான் இருந்தது. செத்தவர் இல்லை. மேசை இருந்தது. பார்க்கிறவர்கள் இருந்தார்கள்.

ஜனாவின் போன் இலக்கத்தை அவள் இன்னும் தொடவில்லை. திரையில் ஜனா எழும்பி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தான்.

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. லைவ் என்றால் கொஞ்சம் பிந்தித்தான் வரும். எத்தனை செத்தவீடு பார்த்திருப்பாள், ஒருநாளும் முந்தி வந்ததில்லை. அவன் இலக்கத்தை அமத்தினாள்.

"ஓம் மயூரி?"

"கிழவருக்குச் சுகமாம். கமராவை நிப்பாட்டிப்போட்டு உடன வெளிக்கிடுங்கோ."

"அட, நல்லதுதானே. பொறும், வயரைச் சுத்தி எடுக்கிறன்."

"வயர் கிடக்கட்டும். வாங்கோ."

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

திரையில் வாசல் பக்கமாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, மழையில் நனைந்த பெண்கள். எல்லோருக்கும் முதுகு மட்டுந்தான் தெரிந்தது. ஒவ்வொருவராகக் கதிரைகளில் இருந்தார்கள்.

"அங்க ஆர் வந்திருக்கினம்?"

"இஞ்ச ஒருத்தருமில்லை. நான் மட்டுந்தான்." சிரித்தான். "லுத்பியா அன்ரி பிளேன்டீ தாறன் எண்டவா. அதைக் குடிச்சிட்டு..."

"வேண்டாம். என்ர ராசா, ஒண்டையும் குடிக்க வேண்டாம். ஓடி வாங்கோ."

திரைக்குக் கீழே அனுதாபச் செய்திகள் விழத் தொடங்கின. ஸ்காபரோவில் இருக்கிற அவளுடைய சொந்தப் பெரியம்மா எழுதியிருந்தார். "மயூரி, மனதைத் தேற்றிக்கொள் பிள்ளை. இந்த வயதில் இப்படியா." அதற்குக் கீழே ஒஸ்லோ மாமா. அதற்குக் கீழே ஜனாவின் தம்பி. "அண்ணா."

அவள் மின்னஞ்சலை அழித்தாள். இலக்கம் குறையவில்லை. கொம்பியூட்டரின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். படம் போகவில்லை.

மேசை வெறுமையாக இல்லை.

மழைக்கோட்டுக்குள் போட்டுப் போன அதே கோடு போட்ட சட்டை. அதே தலைமயிர். ஜனா நேரே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"எங்க நிக்கிறியள்? வாசலுக்கு வந்திட்டியளே?"

"ஓம், வாசல்லதான். கதவைத் திறக்கப் போறன்." செருப்புச் சத்தம் கேட்டது. மழைச் சத்தம் கேட்டது. உயிரோடிருக்கிற மனிதனின் மூச்சு. அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இன்னும் நேரம் இருக்கிறது. படம் முந்தி, ஆள் பிந்தி. அந்த இடைவெளிக்குள் அவன் வெளியே வந்துவிட்டால் போதும்.

"தெருவுக்கு ஓடுங்கோ. சனம் நிக்கிற இடத்துக்கு ஓடுங்கோ."

திரையில் ஒரு பெண் எழும்பினாள். அவன் கால்மாட்டுக்குப் போனாள். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினாள்.

போனில் ஏதோ தொப்பென்று விழுந்தது.

"ஜனா?"

"விழுந்திட்டன். ஒண்டுமில்லை." அவனுக்கு மூச்சு வாங்கியது. "கால் என்னத்திலயோ சிக்கிட்டுது. ரெண்டும் சேந்து நிக்குது மயூரி. பிரிக்கேலாமக் கிடக்கு."

"தவழ்ந்து போங்கோ. கதவு கிட்டத்தானே. கத்துங்கோ. லுத்பியா அன்ரியைக் கூப்பிடுங்கோ."

"பொறும். பயப்பிடாதையும்." அவன் குரலிலும் இப்போது பயம் இருந்தது. "கதவு நிலையைப் பிடிச்சிட்டன்."

திரையில் அந்தப் பெண் தலைமாட்டுக்கு வந்தாள். துணியில் இன்னொரு துண்டு கிழித்தாள்.

"கத்துங்கோ ஜனா. இப்பவே."

துணியை நாடிக்குக் கீழே கொடுத்தாள். இரண்டு கன்னத்தாலும் மேலே எடுத்தாள். உச்சியில் முடிச்சுப் போட்டாள்.

"நான் எப்பிடியும் வீட்ட வந்தி..."

பல்லோடு பல் மோதுகிற சத்தம்.

அந்தப் பெண் இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். கதிரைகளில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒப்பாரிக்கு வாய் திறந்தார்கள். திரையில் சத்தமே இல்லை. போனில், மூடிக் கட்டிய வாய்க்குள்ளிருந்து, ஜனா மயூரியின் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.