புறங்காட்டி ஏறிய தூதன்

கீழைக் கடலுக்கு அப்பால், சுவர்ணத்தீவின் நீலபுரி நகரத்தின்மீது அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. மலைகளில் பிறந்து நெளிந்து வந்த பேராறு கடலைக் காணுமுன் பல கிளைகளாகப் பிரிந்து, நகரத்தைத் தன் விரல்களுக்கிடையே ஏந்தியிருந்தது. நீரின்மேல் மரக்கால்கள் நட்டு எழுப்பிய வீடுகளின் ஓலைக் கூரைகள் செம்பொன் நிறம் பூண்டிருந்தன. வீட்டுக்கு வீடு பலகை பரப்பிய நடைபாதைகள். அவற்றின் அடியில் ஓசையின்றி வழுக்கிச் செல்லும் ஓடங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றங்கரைப் பாறையில் அடுக்கடுக்காக உயர்ந்த கருங்கற் படிகளும், அவற்றின் உச்சியில் முழுமதியின் வருகைக்காகக் காத்திருந்த அரச மண்டபமும். கண்டோர் மனத்தை மயக்கும் காட்சிதான். ஆனால், வாசகர்களே, சாளரத்தருகே படுத்துக் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு, அந்த நகரத்தின் ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு படியும் தன்மேல் வஞ்சம் வைத்துக் கட்டப்பட்டதாகவே தோன்றியது.

அவன் பெயர் வீரட்டன் பல்லவரையன். சோழ நாட்டுத் தூதன். புயலில் சிக்கி இத்தீவில் ஒதுங்கிய நாகைக் கப்பல் ஒன்றின் மாலுமிகளை ஒற்றர்கள் என்று பழிசுமத்தி நீலபுரியார் சிறையில் அடைத்திருந்தார்கள். அவர்களை மீட்டுவர அவன் அனுப்பப்பட்டான். ஆற்று முகத்துவாரத்தில் கடற்கொள்ளையர் எய்த அம்பொன்று அவனது இடது முழங்காலில் பாய்ந்து, முனை உள்ளேயே முறிந்தது. அரண்மனை வைத்தியர் சுமேதர் முழங்காலைக் கீறி அந்த முனையை எடுத்தார். அழுகத் தொடங்கியிருந்த எலும்பைச் செதுக்கினார். காலை மூங்கில் தப்பைகளுக்கிடையே நீட்டிக் கட்டினார். உயிர் பிழைத்தது, காலும் தப்பியது. ஆனால் முழங்கால் மடங்காது. பாதத்தைத் தரையில் ஊன்றவும் கூடாது.

வலியை அவன் பல்லைக் கடித்துப் பொறுத்தான். அவனால் பொறுக்க முடியாதது வேறொன்று. அவன் படுத்த நாளிலிருந்து அந்நகரத்தார் ஒருவரும் அவனோடு பேசுவதில்லை. அவனைப் பற்றியே பேசினார்கள். தூதர் உண்டாரா, தூதருக்குக் குளிர்கிறதா என்று அவன் தலைக்கு மேலாக ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நீலபுரியின் மொழி அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரியும் என்று சொன்னபோதும், பாவம், நன்றாகப் பேசுகிறார் என்று வைத்தியரிடம்தான் சொன்னார்கள்.

சற்று முன்புதான் மகாமந்திரி ரணதுங்கர் பழத்தட்டுடன் வந்திருந்தார். மன்னர் மறைந்தபின் ஆளில்லாத அரியணையின் சார்பில் நாட்டை நடத்துபவர் அவரே. மென்மையான குரல், அதைவிட மென்மையான புன்னகை.

"தங்கள் உடல்நலத்தைவிட எமக்கு வேறொன்றும் பெரிதன்று, தூதரே. இன்று பௌர்ணமி அவை கூடுகிறது. தங்களால் வர இயலாது என்று யாமே அவையில் அறிவித்துவிடுகிறோம்."

"இயலாது என்று நான் சொன்னேனா?"

மந்திரி வைத்தியரைப் பார்த்து இரக்கத்தோடு தலையசைத்தார். பிறகு, ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல் அவையின் விதியை விளக்கினார். கால்களால் படியேறி வருபவனே தூதன். பல்லக்கிலோ பிறர் தோளிலோ வருபவன் இரவலன். அவனுக்குச் சோறு உண்டு, பேச நா கிடையாது. கால் குணமானதும் தூதர் தாராளமாக வரலாம். அவசரம் ஒன்றுமில்லை.

அவசரம் இருந்தது. வாசலில் நின்று வைத்தியரிடம் அவர் தாழ்ந்த குரலில் கூறியது வீரட்டன் செவியில் விழுந்தது. இன்றைய அவையில் எவரும் தடை சொல்லாவிட்டால், மாலுமிகள் காலையில் கடல் ஓதம் ஏறும்போது வடதீவின் ஈயச் சுரங்கங்களுக்கு அடிமைகளாக ஏற்றப்படுவார்கள்.

பழத்தட்டு சுவரில் மோதிச் சிதறியது. வைத்தியர் அவனுக்குத் தூக்க மருந்து காய்ச்ச அடுக்களைக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது படுக்கை காலியாக இருந்தது.

வீரட்டன் கவைக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏணியின் இரு மரங்களையும் மாறி மாறிப் பற்றித் தொங்கியபடியே இறங்கிவிட்டான். கீழே நின்ற பல்லக்குத் தூக்கிகளைப் படித்துறைவரை கொண்டுவிடச் சொன்னான். அவர்களோ, நோயாளியை அசைக்கக் கூடாது, அவர் நன்மைக்காகவே மகாமந்திரியின் உத்தரவு என்று, அவனிடம் அல்லாமல் பக்கத்தில் நின்ற வெற்றிலைக்காரியிடம் சொன்னார்கள். அவன் நடந்தான். ஒரு கால், ஒரு கோல், ஒரு கால், ஒரு கோல். ஈரப் பலகைகள் வழுக்கின. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பாதை ஒரு படி ஏறி ஒரு படி இறங்கியது. எந்தத் தச்சன் எந்தக் குரங்குகளுக்காக இந்த நகரத்தைக் கட்டினான் என்று அவன் மனம் கொதித்தது. நடக்க முடிந்த காலத்தில் எத்தனையோ கோட்டைகளின் மதில்களை அவன் ஏறியிருக்கிறான். ஒரு வாசற்படியை இவ்வளவு வெறுத்ததில்லை.

வாய்க்காலின் திருப்பத்தில் கோலின் நுனி இரு பலகைகளுக்கிடையே இறங்கிச் சிக்கிக்கொண்டது. அவன் குப்புற விழுந்தான். கணப்பொழுதில் கூட்டம் கூடிவிட்டது. யார் யாருடைய கைகளோ அவன் அக்குள்களைப் பற்றின, இடுப்பைப் பற்றின, கட்டுப்போட்ட காலையே பற்றித் தூக்கின. வலியில் கண் இருண்டது. "கையை எடுங்கள்" என்று அவன் முழங்கிய முழக்கத்தில் மீன்கொத்திகள் கலைந்து பறந்தன. கூட்டம் நன்றி கெட்டவன் என்று முணுமுணுத்துக்கொண்டே விலகியது.

"அதட்டினால் பலகைகள் நெருங்கி வந்துவிடுமா?"

பேச்சு தமிழில் இருந்தது. பாதையின் அடியில், ஒற்றைத் துடுப்புடைய சிறு ஓடத்தில் ஒரு பெண் அமர்ந்திருந்தாள். மீனவப் பெண்கள் உடுத்தும் முரட்டுத் துணி. தலையில் தாழை ஓலைத் தொப்பி. அதன் நிழலிலிருந்து நோக்கிய விழிகளில் இரக்கத்தின் சாயல்கூட இல்லை. பல நாட்களுக்குப் பிறகு ஒருவர் தன்னை நேராகப் பார்க்கிறார் என்பதை வீரட்டன் உணர்ந்தான்.

"எங்கே போக வேண்டும்?"

"அரச படித்துறைக்கு. கை கொடு, இறங்கிவிடுகிறேன்."

"என்னால் எழுந்து நிற்க முடியாது, ஐயா. ஓடத்தைத் தூணோடு ஒட்டிப் பிடிக்கிறேன். எங்கே தாங்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்."

அப்போதுதான் அவன் கவனித்தான். மடித்துப் போர்த்திய துணிக்கடியில் அவள் கால்கள் சிறு குழந்தையின் கால்களைப்போல் மெலிந்து சுருண்டிருந்தன. அவளுடைய தோள்களும் கைகளும் மட்டும் வில்லேந்திய வீரனின் உறுதியோடு விளங்கின. அவன் சொன்ன இடத்தில் அவள் தாங்கினாள். சொல்லாத இடத்தைத் தொடவில்லை. ஓடம் அசைந்து நிமிர்ந்தது.

நிலவு எழுவதற்கு முந்திய அந்த மங்கிய ஒளியில் துடுப்பு நீரைக் கீறும் ஓசை தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தமிழ் எப்படித் தெரியும் என்று அவன் வினவினான். தன்னை வளர்த்த செவிலி நாகைப்பட்டினத்தாள் என்றாள். ஏன் ஓடம் செலுத்துகிறாய் என்றான். நீரின்மேல் எவரும் கால் எங்கே என்று கேட்பதில்லை என்றாள். அவன் தன் காரியத்தையும் மந்திரி கூறிய விதியையும் சொல்லி முடித்தபோது அவள் கசப்போடு சிரித்தாள். அந்த விதியை நகரமே அறியும். மறைந்த மன்னரின் ஒரே மகள் பிறவியிலேயே கால் வலுவில்லாதவள், படியேற முடியாதவள் என்பதால்தான் அரியணை வெறுமையாக இருக்கிறது, மந்திரி அதற்குக் காவல் இருக்கிறார் என்றாள்.

"அந்த மகள் என்ன சொல்கிறாள்?"

"அவளை யார் கேட்டார்கள்?"

வீரட்டனின் சினம் அன்று ஆள் பார்த்துப் பாயவில்லை. "பிறர் வந்து கேட்கும்வரை காத்திருக்கிறவள் அரசகுமாரி அல்லள், கோழை" என்றான்.

துடுப்பு ஒரு கணம் நீரில் நின்றது. "நீங்கள் இன்னும் அந்தப் படிகளைப் பார்க்கவில்லை" என்று மட்டும் சொல்லி, அவள் மீண்டும் வலித்தாள்.

படித்துறையை அவர்கள் அடைந்தபோது முழுமதி ஆற்றின் விளிம்பில் தலைகாட்டியது. கருங்கற் படிகள் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். இருமருங்கும் தீப்பந்தங்கள் ஏந்திய காவலர். உச்சியில் வெண்பட்டுக் குடைகளின் கீழ் அமைச்சரும் பிரபுக்களும். நடுவே எவரும் அமராத பொன் அரியணை. வீரட்டன் ஓடத்திலிருந்து முதற்படிக்குத் தாவிப் பற்றி எழுந்தான். கோலை ஊன்றி ஒரு படி ஏறினான். இரண்டாவதில் பாசி வழுக்கியது. கோல் கையைவிட்டு உருண்டு ஆற்றில் விழுந்தது. அவன் படியின் விளிம்பில் மோதிச் சரிந்தான். மேலே சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அவனைச் சுடவில்லை. அதைத் தொடர்ந்து இறங்கி வந்த கனிவான குரல்தான் சுட்டது.

"வேண்டாம், வேண்டாம். யாராவது பாவம் அவரைத் தூக்கிவிடுங்கள்" என்றார் ரணதுங்கர்.

"என்னைத் தொடுகிறவன் கை முறியும்" என்றான் வீரட்டன். பிறகு மந்திரியை விட்டுவிட்டு, அரியணைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த முதிய பௌத்தத் துறவியான தேரரை நோக்கினான். அரச விதிகளை ஓதிக் காப்பவர் அவர். "அடிகளே, இந்த அவைக்கு வருபவன் காலால்தான் ஏற வேண்டும் என்று விதி சொல்கிறதா? அதன் சொற்களை அப்படியே சொல்லுங்கள்."

தேரர் கண்களை மூடி விதியை நினைவில் கொண்டுவந்தார். மந்திரி குறுக்கிட வாயெடுத்தபோது தேரரின் உதடுகள் அசைந்தன. "எவர் தோளிலும் ஏறாது, தன் உடல் வலிமையால் படி கடந்து வருபவர் இங்கே பேசுக; அவ்வாறு வரும் அரச மரபினர் இங்கே ஆள்க. விதி இவ்வளவே. கால் என்ற சொல் அதில் இல்லை."

படித்துறை முழுவதும் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. வீரட்டன் படியில் திரும்பி உட்கார்ந்தான். முதுகு மண்டபத்தை நோக்க, முகம் ஆற்றை நோக்க, கட்டுண்ட காலை முன்னே நீட்டினான். இரு உள்ளங்கைகளையும் பின்படியில் ஊன்றி, வலது காலால் உந்தி உடலைத் தூக்கி வைத்தான். ஒரு படி. மறுபடியும் ஒரு படி. தமிழ் மறவனுக்குப் புறங்காட்டுவதைவிடப் பெரிய இழிவு இல்லை என்று கேட்டே வளர்ந்தவன் அவன். இன்று ஒரு நாட்டின் அவைக்கே முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் தேய்ந்துகொண்டு ஏறினான். சினம் அவனுக்குள் எண்ணெய்போல் எரிந்தது. அந்த எரிச்சலே அவனை மேலே தள்ளியது.

"அரியணைக்கு முதுகு காட்டுவது அரச நிந்தை" என்று ரணதுங்கர் கூவினார். மென்மை குரலைவிட்டு அகன்றிருந்தது.

"அதில் யார் இருக்கிறார்கள், யாரை நான் நிந்திப்பதற்கு?" என்று திரும்பாமலே கேட்டான் வீரட்டன்.

உச்சியை அவன் அடைந்தபோது உள்ளங்கைகள் உரிந்திருந்தன. காலில் கட்டிய துணியினூடே குருதி கசிந்தது. அமர்ந்தபடியே அவையை நோக்கித் திரும்பினான். கரை ஒதுங்கியவர்களைக் கட்டிப்போட்டு விற்பதுதான் நீலபுரியின் விருந்தோம்பலா என்று கேட்டான். அவர்களை இப்போதே விடுவிக்கும்படி கோரினான். மந்திரி தம் புன்னகையை மீட்டுக்கொண்டார். தூதர் கோரிக்கை கேட்கப்பட்டது, ஆயினும் சிறைபட்ட அயலாரை விடுவிக்கும் உரிமை ஆளும் அரச மரபினருக்கே உண்டு, அப்படி எவரும் இல்லை, ஒருவர் வரும்வரை முந்தைய கட்டளை நிற்கும் என்றார்.

பதில் சொல்ல வீரட்டன் வாய் திறந்தான். ஆனால் அவையோர் கண்கள் அவனைக் கடந்து கீழே சென்றிருந்தன.

நிலவொளியில் நனைந்த படிகளில் ஓடக்காரப் பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். தொப்பி எங்கோ விழுந்திருந்தது. அவிழ்ந்த கருங்கூந்தல் படிகளைத் துடைத்தது. உந்துவதற்கு ஒரு காலும் இல்லாமல், கைகளால் மட்டும், ஒவ்வொரு படியாகத் தன்னைத் தூக்கித் தூக்கி வைத்தாள். உதவிக்கு ஓடிய காவலன் ஒருவனை அவள் ஒரு பார்வையால் நிறுத்தினாள். அவள் முகத்தில் பந்தத்தின் ஒளி பட்டதும் அவன் ஈட்டியைத் தாழ்த்தி மண்டியிட்டான். அவனைக் கண்டு அடுத்தவன். அவனைக் கண்டு அதற்கடுத்தவன்.

"இளவரசி பத்மதாரிணி தேவி" என்றார் தேரர்.

கடைசிப் படியில் கை வைத்தவள் முதலில் அவரைத்தான் நோக்கினாள். "விதியின் சொற்கள் இவையென்று இத்தனை காலம் எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"எவரும் கேட்கவில்லை, தேவி."

"குழந்தைப் பருவம் முதல் கால், கால் என்று என் காதில் ஓதினார்கள். நீங்கள் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தீர்கள்." அவள் குரல் உயரவில்லை. தேரர் தலை கவிழ்ந்தது. ரணதுங்கர் காவலர் தலைவனை நோக்கி ஏதோ சைகை செய்தார்; அவனோ அவரிடமே வந்து, அவருடைய அதிகாரச் சின்னமான முத்திரை வாளை அவர் இடையிலிருந்து உருவிக்கொண்டான்.

பத்மதாரிணி கைகளை ஊன்றி அரியணையை அணுகினாள். அதன் பொற்பாதத்தில் தன் உள்ளங்கையைப் பதித்தாள்; அங்கே செந்நிறச் சுவடு விழுந்தது. நாகைக் கப்பலின் மாலுமிகள் இந்தக் கணமே விடுதலை என்றாள். பிறகு அவை முழுவதும் கேட்கச் சபதம் செய்தாள்.

"எவருடைய உடலும் கிழியாமல் இங்கே ஏறி வர ஒரு வழி அமையும்வரை இந்த இருக்கையில் நான் அமரமாட்டேன். என் தாய்மீது ஆணை. அதுவரை நீலபுரியின் அவை ஆற்றங்கரையில் கூடும்."

அவள் வீரட்டன் பக்கம் திரும்பினாள். மூச்சு வாங்கியது, நெற்றியில் வியர்வை நிலவில் மின்னியது. "ஓடத்தில் ஒரு சொல் சொன்னீர்கள், தூதரே. அதைத் திரும்பப் பெறுகிறீர்களா?"

"இல்லை, தேவி. அந்த நேரத்தில் அது மெய்" என்றான் அவன். பிறகு தலை வணங்கி, "இந்த நேரத்தில் அதைச் சொல்பவன் நாவை நானே அறுப்பேன்" என்றான்.

அன்று முதன்முறையாக அவள் கசப்பின்றிச் சிரித்தாள். அவன் மார்பில் எரிந்துகொண்டிருந்தது அணையவில்லை. ஆனால் அதற்குத் துணை கிடைத்துவிட்டது.

அவை ஆற்றங்கரைக்குப் புறப்பட்டது. முன்னால் அவர்கள் இருவரும் அருகருகே அமர்ந்து, கைகளை ஊன்றி, படிப்படியாக இறங்கினார்கள். அரசிக்கு முன்னே செல்வது மரபன்று. ஆகவே பட்டுக்குடைகளும் பிரபுக்களும், காவலருக்கு நடுவே ரணதுங்கரும், அவர்களுக்குப் பின்னால் ஒரு படிக்கு ஒரு படி நின்று நின்று, மிக மெதுவாக இறங்கி வந்தார்கள்.