தொட்டிப் பக்கம்

ஒரு விடியற்காலையின் விலை, ஒரு களத்தைப் பெருக்கிக் கொடுப்பது.

இந்த விலையைப் பேசி முடித்தவன் சவரிராயன். வயது பன்னிரண்டு. அவன் அப்பா ஆத்தூர் சந்தையில் புளி வியாபாரி. அந்த வீட்டில் இன்னொரு கரண்டி சோறு வேண்டுமென்றாலும் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும் என்று சந்தையில் கேலி செய்வார்கள்.

அவனுக்கு எதிரே நின்றவர் சேகோ ஆலையின் மேஸ்திரி சண்முகவேல். அந்த ஆலையில் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பால் எடுத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவில் ஜவ்வரிசி செய்தார்கள். அதைக் காயவைக்க வழவழவென்று ஒரு சிமெண்டுக் களம் இருந்தது. வெயில் ஏறிவிட்டால் களம் முழுக்க வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி. வெயில் ஏறும் வரை சும்மா கிடக்கும்.

“சும்மாதானே கிடக்குதுங்க? நாங்க விளையாடிக்கிறோம்.”

“கிடந்தா கிடக்கட்டும். உனக்கு எங்கே வலிக்குது?”

“காலையில உங்க ஆளுங்க வந்து பெருக்குறாங்க. அதை நாங்களே பெருக்கி வெச்சுடுறோம். அவங்க வந்ததும் நேரா கொட்டிப் பரப்ப வேண்டியதுதான்.”

மேஸ்திரி மீசையைத் தடவினார். “மூலை முடுக்கெல்லாம்?”

“மூலை முடுக்கெல்லாம்.”

“சாயங்காலமும் பெருக்குவியா?”

“சாயங்காலமும் விளையாட விடுவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்போ காலையில மட்டும்.”

மேஸ்திரி சிரித்துவிட்டார். ஆத்தூர்ச் சிறுவர் ஹாக்கி அணி பிறந்தது அப்படித்தான்.

மட்டைகளைக் கொண்டு வந்தவர் சவரிராயனின் மாமா அற்புதராஜ். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர். அங்கே விரிசல் விட்டு ஒதுக்கிய மட்டைகளை ஒரு சாக்கில் கட்டி எடுத்து வந்தார். பையன்கள் வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றி, சணல் சுற்றி, அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள். ஆட்டத்தின் சட்டதிட்டங்களும் மாமா சொன்னவைதான். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவர் பார்த்த மட்டும் சொன்னார். பந்து அங்கிருந்த பூவரச மரத்தின் மறைவுக்குப் போய்விட்டால் அங்கே என்ன சட்டம் என்று அவருக்குத் தெரியாது.

களத்தின் ஒரு முனையில் கிடங்குச் சுவர். மறுமுனையில் ஜவ்வரிசி வறுக்கும் அடுப்புகள். அடுப்புப் பக்கம் பந்தடித்தால் முதுகு பழுத்துவிடும். அதனால் கிடங்குச் சுவர் ஒன்றுதான் கோல். இரண்டு கட்சியும் முறை போட்டு அந்தச் சுவரை நோக்கியே ஆடினார்கள். சுவரைப் பார்த்து நின்றால் வலது பக்கம் வேலி. இடது பக்கம் தொட்டி.

இடது ஓரத்தில் ஆடியவன் சென்றாயன். களத்தில் வேலை செய்யும் உண்ணாமலையின் ஒரே மகன். அணியில் அவனைவிட வேகமாக ஓடுகிறவன் கிடையாது. சிமெண்டில் வெறுங்காலால் ஓடிவந்து, ஓட்டத்தை நிறுத்தாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுப்பான். பார்க்கிறவர்களுக்குத்தான் பயமாக இருக்கும்.

ஒரு மார்கழிக் காலையில் சவரிராயன் அவனுக்கு ஒரு பந்தடித்தான். கொஞ்சம் பலமாக அடித்துவிட்டான். தரையில் முந்தைய நாள் மாவு ஈரத்தோடு ஒட்டியிருந்தது. சென்றாயன் வழுக்கினான். இந்த முறை நிற்கவில்லை. கழுவி வைத்திருந்த வெறும் தொட்டிக்குள் போய் விழுந்தான்.

கத்தல் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தபோது, அவன் பந்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வலது கால் மட்டும் பார்க்கக் கூடாத விதமாகத் திரும்பியிருந்தது.

நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார். பல மாதம் கழித்து எலும்பு கூடியது. ஆனால் ஒரு நூல் திரும்பிக் கூடியது. சென்றாயன் இனி நடந்தால் லேசாகச் சாய்ந்துதான் நடப்பான்.

அவன் விழுந்த அன்றே மேஸ்திரி களத்தைப் பூட்டிவிட்டார். சவரிராயன் அவர் பின்னாலேயே அலைந்தான். கடைசியில் ஒருநாள் அவர் நின்றார்.

“இதுல பேச்சு ஒண்ணும் கிடையாது, சொல்லிட்டேன். தொட்டிப் பக்கம் பந்து போகக் கூடாது. ஒரே ஒரு தடவை போனாலும், அன்னிக்கோட சரி. சம்மதமா?”

வழக்கமாக எதையாவது குறைத்துக் கேட்கிற சவரிராயன், அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினான்.

அதன் பிறகு பையன்கள் வலது பக்கமே ஆடினார்கள். பந்து இடது பக்கம் உருண்டால் நான்கு பேர் பாய்ந்து தடுத்தார்கள். கொஞ்ச நாளில் தடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கை தானாகவே திரும்பிக்கொண்டது.

கட்டு அவிழ்த்த பிறகு சென்றாயன் களத்துக்கு வந்தான். தன் பழைய இடத்தில் போய் நின்றான். ஒரு வாரம் நின்றான். பந்து வரவில்லை.

“என் பக்கத்தை வித்துட்டியா?” என்று கேட்டான்.

சவரிராயனுக்கு முகம் சிறுத்துப் போயிற்று. “விக்கலேன்னா களமே போயிருக்கும்டா.”

“சரி. எவ்வளவு நாளைக்கு?”

“சேலத்துல போட்டி இருக்குன்னு மாமா சொன்னாரில்ல? அங்கே தொட்டி கிடையாது. அங்கே முதல் பந்து உனக்குத்தான்.”

“நிஜமா?”

“நிஜமா.”

மறுநாளிலிருந்து சென்றாயன் தினமும் வந்தான். பந்து வராத இடத்தில் தனியாக ஓடிப் பழகினான்.

போட்டி நாளன்று, சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மூட்டை ஏற்றிப் போகும் லாரியில் அணிக்கு இடம் கிடைத்தது. எல்லோரும் மூட்டை மேல் ஏறிய பிறகு உண்ணாமலை வந்தாள். கையெல்லாம் மாவு. சவரிராயனை மட்டும் கீழே கூப்பிட்டாள்.

“சாமி, அவன் போறேன்னா நான் தடுக்க மாட்டேன். நீ பாத்துக்க. இன்னொரு தடவை அவன் விழக் கூடாது. என்னால தாங்க முடியாது சாமி.”

“பாத்துக்கிறேங்க” என்றான் சவரிராயன்.

லாரி கிளம்பிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்றிருந்தான்.

சேலத்து மைதானத்தில் சிமெண்டு இல்லை. மண்ணும் அருகம்புல்லும்தான். இரண்டு பக்கமும் கோல் இருந்தது. “பின்பாதியில பக்கம் மாத்திக்கணுமாமே!” என்று கோல் காக்கும் மாதையன் வாயைப் பிளந்தான். எதிர் அணிப் பையன்கள் எல்லோரும் காலுறை போட்டிருந்தார்கள். சணல் சுற்றியிருந்தது இவர்கள் மட்டைகளில் மட்டும்தான்.

ஊதல் அடித்ததும் பந்து சவரிராயனிடம் வந்தது. இடது ஓரத்தில் சென்றாயன் கையைத் தூக்கினான். அவனைச் சுற்றி யாருமே இல்லை.

சவரிராயன் அவனைப் பார்த்தான். மட்டையை ஓங்கினான். அடித்தான்.

பந்து வலது பக்கம் போனது.

அவனுக்கே விளங்கவில்லை. அடுத்த பந்தும் அப்படித்தான். மற்றவர்களும் அப்படியே. இல்லாத தொட்டியைக் கண்டு பத்துப் பேரும் திரும்பித் திரும்பி ஓடினார்கள். எதிர் அணிக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. இடது பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு, வலது பக்கம் கூட்டமாக வந்து நின்றுகொண்டார்கள். வரிசையாக மூன்று கோல் போட்டார்கள்.

“ஏன்டா, உங்க ஊர்ல மைதானத்துக்கு ஒரு பக்கம்தானா?” என்று ஒருவன் கேட்டான்.

கேலிதான். ஆனால் அது உண்மை.

இடைவேளையில் அற்புதராஜ் மாமா வாளியில் தண்ணீர் கொண்டு வந்தார். எல்லோரும் மொய்த்தார்கள். சென்றாயன் மட்டும் வரவில்லை. இடது ஓரத்தில், தன் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

சவரிராயன் ஒரு லோட்டாவில் தண்ணீரோடு அங்கே போனான்.

“தாகம் எடுக்கலே” என்றான் சென்றாயன். “ஓடினாத்தானே தாகம் எடுக்கும்?”

சவரிராயன் லோட்டாவைக் கீழே வைத்தான்.

“நான் மறக்கலேடா. ஒவ்வொரு தடவையும் உன்னைப் பார்த்துத்தான் ஓங்கினேன். உன் பக்கம் திரும்பினா, நீ தொட்டிக்குள்ள போறது தெரியுது. கை நின்னுடுது.”

சென்றாயன் மட்டையைத் தரையில் ஊன்றினான்.

“விழுந்தது நான். எனக்கே இப்போ அது தெரியறதில்ல. உனக்கு ஏன்டா தெரியுது?”

“உங்க அம்மா வேற, நீ விழக் கூடாதுன்னு…”

“இங்கே நின்னா விழ மாட்டேன். நாள் பூரா நின்னாலும் விழ மாட்டேன். கால் ஒடிஞ்சு கிடந்தப்போகூட எனக்கு இவ்வளவு வலிக்கலே. இதுக்கு நீ என்னை வராதேன்னு சொல்லியிருக்கலாம்.”

தான் பாதுகாத்ததாக நினைத்தது எதை என்று சவரிராயன் அப்போதுதான் பார்த்தான். ஒருவனைப் பத்திரமாக மூட்டை கட்டி ஓரத்தில் வைத்திருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களிடம் ஓடினான்.

“எல்லாரும் கேளுங்கடா. தொட்டி இடம் மாறிடுச்சு.”

“என்னது?”

“இப்போ தொட்டி வலது பக்கம் இருக்கு. அந்தப் பக்கம் பந்து போனா மேஸ்திரி ஆட்டத்தை நிறுத்திடுவாரு.”

மாதையன் வலது பக்கம் எட்டிப் பார்த்தான். “இங்கே தொட்டியே இல்லியேடா.”

“முன்பாதியிலயும்தான் இல்ல. அதுக்குப் பயந்து ஓடலியா? அதே பயத்தை இந்தப் பக்கம் வெச்சுக்க.”

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோருக்கும் விளங்கியது. களம் போய்விடுமே என்று மாதக்கணக்கில் பயந்து பழகிய கைகள் அவை. பயத்தை மறக்கச் சொல்லியிருந்தால் அவர்களால் முடிந்திருக்காது. இடம் மாற்றி வைக்க முடிந்தது.

பின்பாதி தொடங்கியது. வலது பக்கம் உருண்ட பந்தை நான்கு பேர் பாய்ந்து தடுத்தார்கள். பந்து சவரிராயனிடம் வந்தது. இடது பக்கம் திரும்பினான். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மூடவில்லை. அடித்தான்.

சென்றாயன் ஓடிவந்தான். பந்து அவன் மட்டைக்கு அடியில் புகுந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

“இன்னொண்ணு!” என்று கத்தினான் சென்றாயன்.

அடுத்த பந்துக்குப் பாய்ந்தவன் குப்புற விழுந்தான். சவரிராயன் பந்தை விட்டுவிட்டு அவனையே பார்த்து நின்றான். முழங்காலில் இரத்தத்தோடு சென்றாயன் தலையைத் தூக்கினான்.

“என்னை ஏன்டா பாக்குற? பந்தைப் பாரு!”

மூன்றாவது பந்து அவன் மட்டையில் பொருந்தி நின்றது. அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று எதிர் அணி பழகிப் போயிருந்தது. தடுக்க ஆளில்லை. சாய்ந்து சாய்ந்து ஓடினான் சென்றாயன். பழைய வேகம் இல்லை. இருந்த வேகம் போதுமானதாக இருந்தது. கோலுக்குப் பக்கத்தில் வந்ததும் அடித்தான். கோலுக்குள் இருந்த பலகையில் பந்து மோதும் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

மாதையன் தன் கோலை விட்டுவிட்டு ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டான். அந்த நேரத்தில் எதிர் அணி காலிக் கோலில் ஒன்று போட்டுவிடப் பார்த்தது. ஊதல்காரர்தான் சிரித்தபடி தடுத்தார். ஆனால் சற்று நேரத்தில் முறைப்படியே நான்காவது கோலையும் போட்டார்கள். அதன் பிறகு சென்றாயனைத் தடுக்க இரண்டு பேரை நிறுத்தினார்கள். அவனுக்கு அதில்தான் ரொம்பப் பெருமை.

லாரி ஆத்தூர் திரும்பியபோது உண்ணாமலை ஆலை வாசலில் காத்திருந்தாள். மகனின் முழங்காலில் கட்டியிருந்த துணியைத்தான் முதலில் பார்த்தாள்.

“விழுந்தானா?”

சவரிராயன் சுற்றி வளைக்கவில்லை. “விழுந்தானுங்க. நான் அடிச்ச பந்துக்குத்தான் விழுந்தான்.”

அவள் குனிந்து காலை நீவிப் பார்த்தாள். எலும்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகன் முகத்தைப் பார்த்தாள்.

“எழுந்துக்கும்போது யாராவது தூக்கினாங்களா?”

“நானேதான் எழுந்தேம்மா.”

“அப்போ சரி” என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பையன்கள் இருவரும் பின்னால் வந்தார்கள்.

“முதல் பந்து எனக்குன்னு சொன்னே” என்றான் சென்றாயன். “முன்பாதி பூரா சும்மா நின்னேன்.”

“ஆமாம்.”

“அதுல ஏதாவது தள்ளுபடி கேப்பியா?”

“கேக்க மாட்டேன்” என்றான் சவரிராயன்.

சேலம் நான்கு, ஆத்தூர் ஒன்று: அந்தக் கணக்கு அன்றோடு தீர்ந்தது. சவரிராயன் சென்றாயனுக்குத் தர வேண்டியது முழு ஆட்டம், தந்தது பாதி, இன்னும் பாதி பாக்கி.