இறங்க மறுத்த டிரைவர்

தேசிகன் இறந்து கிடந்தார்.

மூக்கில் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் குழாய் தரையில் கிடந்தது. இதயம் தடுமாறினால் வார்டையே எழுப்ப வேண்டிய அலாரம்... வாயே திறக்கவில்லை.

"ஒங்க டிரைவர்தாம்மா அவர கொன்னுடுச்சு," என்றார் இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா.

ஸ்ரீரஞ்சனிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஜோகுபாளையத்தை ஒட்டிய அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் இதயத்துடிப்பை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் கண்காணித்தது. துடிப்பை அதற்குள் வாங்கித் தரும் டிரைவர் புரோகிராமை எழுதியவள் அவள். எழுத வைத்தவர் அவளுடைய முதலாளி தேசிகன். மாரடைப்பு வந்து இங்கேயே படுத்திருந்தார்.

எதிரே சுதீர். தேசிகனின் மருமகன், கம்பெனி மேனேஜர்.

மாமனார் தூக்கத்தில் குழாயைத் தட்டிவிட்டிருப்பார், அந்த நேரம் பார்த்து இவளுடைய டிரைவர் தானாகக் கழன்று விழுந்திருக்கிறது என்று போலீஸிடம் சொன்னவன் அவன்தான்.

"கழண்டு விழறதுக்கு அது சட்டை பட்டன் இல்ல சார்," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "மெஷின் ஓடும்போதே டிரைவரை எறக்கலாம், மறுபடி ஏத்தலாம். ஆனா ஒரு ஆள் ஒக்காந்து டைப் பண்ணணும்."

சுதீர் சிரித்தான். "நான் வெறும் மேனேஜர் சார். இந்தக் கமாண்டெல்லாம் எனக்கு கொத்தில்ல, ஒண்ணும் தெரியாது."

அவள் பல்லைக் கடித்தாள். தேசிகனின் மகள் ரமா கன்றிய கன்னத்தோடு ஆபீஸுக்கு வந்தாளே... அன்று, அடித்த மருமகனைக் கம்பெனியை விட்டே துரத்துவேன் என்று பெரியவர் கொதித்ததை ஸ்ரீரஞ்சனி தன் காதாலேயே கேட்டிருந்தாள்.

இப்போதே இறக்கிக் காட்டுகிறேன் என்றாள். மற்ற நோயாளிகளை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டு, டிரைவரையும் அலாரத்தையும் மறுபடி ஓட விட்டிருந்தார்கள். ஆனால் அவள் கீபோர்டைத் தொடக் கூடாது என்றார் கோவிந்தப்பா.

"சரி. நான் சொல்றேன். சுதீர் சார் அடிக்கட்டும்."

டிரைவரை இறக்கும் கமாண்டை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

சுதீரின் விரல்கள் பறந்தன.

"பாத்தீங்களா சார்? தட்டின ஒடனே விழுந்துடுச்சு. இவங்க எழுதின லட்சணம் இவ்ளோதான்."

"நான் சொன்னது ஒரு கமாண்ட்," என்றாள் ஸ்ரீரஞ்சனி மெதுவாக. "நீங்க அடிச்சது ரெண்டு."

அவன் முகம் வெளுத்தது.

"அலாரம் புரோகிராம் பிடிச்சிட்டிருக்கிற வரைக்கும் டிரைவர் எறங்காது சார். 'பிஸி'ன்னு மறுத்துடும். மொதல்ல அலாரத்த நிறுத்தணும். அத நான் சொல்லவே இல்ல. இவர் கை தானா போய் நிறுத்திடுச்சு." அவள் சுதீரின் விரல்களைக் காட்டினாள். "ஏற்கெனவே ஒரு தடவ நிறுத்தின கை."

ஏதோ குருட்டாம்போக்கில் அடித்தேன் என்று சுதீர் குழறினான்.

மூலையில் நின்ற நர்ஸ் அல்போன்சா உடைந்து அழுதாள். தேசிகன் இறப்பதற்குச் சற்று முன், மெயில் பார்க்கிறேன் என்று அவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததையும், தன்னைக் காபி வாங்க அனுப்பியதையும், வேலை போய்விடுமோ என்று தான் அதை மறைத்ததையும் கொட்டித் தீர்த்தாள்.

சுதீர் கதவைப் பார்த்தான். அங்கே கான்ஸ்டபிள்.

கோவிந்தப்பா விலங்கை எடுத்து அவன் கையில் பூட்டினார்.

"என் சர்வீஸ்லயே, வேலைய தன் கையால செஞ்ச மொத மேனேஜர் நீங்கதான் சார்."