பவளம் வெளுத்த பன்னிரண்டாம் தேதி

ஏழாவதும் செத்துவிட்டது!

பல் டாக்டர் தொட்டியின் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றார்.

நேற்று வரை ஊதா நிறத்தில் துளிர்த்து நின்ற மான்கொம்புப் பவளம்... இன்று காலை வெறும் சுண்ணாம்புக் குச்சி! தோல் உரிந்து, தண்ணீரில் நூல் நூலாக ஆடிக்கொண்டிருந்தது.

ஹாலை அடைத்து நிற்கும் ஆறடிக் கடல்நீர்த் தொட்டி. எட்டு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்தது. மூன்றே வாரத்தில் ஏழு சாவு!

போன் அலறியது.

வக்கீல்.

"டாக்டர்... ஜாமீன் இந்தத் தடவையும் இல்லைன்னுட்டாங்க."





"இது மூணாவது தடவை, இல்ல சார்?"

"நான் என்ன பண்ணட்டும்? அவங்க வீட்டு பாத்ரூம் பூரா உங்க தங்கச்சி புருஷனோட ரத்தம். அவர் கார் ஆத்தங்கரையில அநாதையா நின்னுது. முந்தின நாள் ரெண்டு பேரும் போட்ட சண்டையைத் தெருவே கேட்டிருக்கு. பிணம் எங்கேன்னு நான் கத்தினா, ஆத்தோட போயிருக்கும்ங்கறாங்க!"

"சார், என் தங்கச்சி ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவா! அவ எப்படி ஒரு ஆம்பளையை..."

"அதையும் சொன்னேன். ஜட்ஜ் சிரிச்சார்."

போன் வைக்கப்பட்டது.

தங்கை ஜெயிலில். பவளம் தொட்டியில். இரண்டுமே கண்ணெதிரே வெளுத்துக்கொண்டு போயின. அவர் கை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

தோளில் ஒரு கை விழுந்தது. மனைவி. ரத்த வங்கிக்கு வேலைக்குக் கிளம்பி நின்றாள்.

"மனசை விடாதீங்க. சாயங்காலம் ஜெயிலுக்கு நானும் வரேன். பாவம், அவளுக்கு நம்மளை விட்டா யாரு இருக்கா?"

"ம்..."

"கிளினிக் போகலையா?"

"கை நடுங்குது. இந்தக் கையால யாரு பல்லைப் பிடுங்கறது? இன்னிக்கு லீவு."

அவள் முகம் ஒரு கணம் மாறியது.

"வீட்லயேவா இருக்கப் போறீங்க?"

"உப்புத்தண்ணியை வரச் சொல்லியிருக்கேன்."

"இருக்கற தலைவலி போதாதா? இந்தத் தொட்டியை வித்துத் தொலைங்க!"

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. தயங்கினாள்... ஓடினாள்.

*

'உப்புத்தண்ணி' என்றால் ஊருக்கே தெரியும். கடல்மீன் கடைக்காரர். தொட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். பை நிறையக் கண்ணாடிக் குழாய்களோடு வந்தவர், இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுக் கலர் பார்த்தார்.

"செம்பு ஏதாவது கலந்திருக்கா?" டாக்டர் கேட்டார்.

"துளி இல்ல."

"அம்மோனியா?"

"சுத்தம்."

"அப்புறம் ஏன்யா சாகுது?"

"உப்பு, சூடு, சுண்ணாம்பு எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு டாக்டர். பி.ஹெச் மட்டும் பாதாளத்துல கிடக்கு. எட்டுக்கு மேல இருக்கணும். இது ஏழு புள்ளி ஆறு!"

"மருந்து கொட்டிப் பார்த்துட்டேன். ஒரு மணி நேரம் ஏறுது... திரும்பப் படுத்துக்குது. நான் என்னதான்யா பண்றது?"



 உப்புத்தண்ணி ஒரு பக்கெட்டில் தொட்டித் தண்ணீரை மொண்டார். வாசலுக்குக் கொண்டுபோய், சின்னக் காற்று மோட்டாரைப் போட்டுக் குமிழி விட்டார். ஒரு மணி நேரம் கழித்து அளந்தார்.

எட்டு புள்ளி இரண்டு!

"டாக்டர்! தண்ணி மேல தப்பே இல்ல. வீட்டுக் காத்துதான் தப்பு!"

"புரியலை..."

"நாம விடற மூச்சுக்காத்து தண்ணியில கலந்தா, சோடா மாதிரி புளிச்சுப் போகும். வீட்ல எத்தனை பேரு?"

"நானும் அவளும்தான். காலையில போனா சாயங்காலம்தான் வருவோம்."

"அப்போ பகல்ல பி.ஹெச் ஏறணுமே! உங்க மீட்டர் கணக்கைக் காட்டுங்க."

தொட்டியின் மீட்டர், அளவுகளை எல்லாம் டாக்டரின் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். உப்புத்தண்ணி திரையைத் தள்ளித் தள்ளிப் பின்னால் போனார். சட்டென்று நின்றார்.

"பன்னெண்டாம் தேதி வரைக்கும் ராஜா மாதிரி எட்டே கால்ல நிக்குது. அன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு... தொபுக்கடீர்! என்ன டாக்டர் நடந்துது அன்னிக்கு?"



"அன்னிக்குத்தான்... என் தங்கச்சி மாப்பிள்ளையைக் கொன்னாங்க."



உப்புத்தண்ணி மெல்லக் கேட்டார்.

"தண்ணியில காத்தைக் கலந்து அழுக்கை நுரையா எடுக்கற மெஷினுக்குக் காத்து எங்கேயிருந்து வருது?"

ஒரு பிளாஸ்டிக் குழாய். சுவரோடு ஏறி, மேல்தளத்துத் துளை வழியாக மறைந்தது.

"மாடி ரூம்லேர்ந்து. பம்ப் சத்தம் பிடிக்கலைன்னு அவ சொன்னா. போன வருஷமே மேல மாத்திட்டேன்."

"மேல யாரு?"

"யாருமில்ல. கூரை ஒழுகி ஒயர்ல தண்ணி இறங்குது, தொட்டா ஷாக் அடிக்கும்னு பூட்டிட்டா. சாவி அவ கைப்பையில."

"பூட்டினது எப்போ?"

டாக்டரின் பார்வை அந்தத் துளைக்கு ஏறியது.

"பன்னெண்டாம் தேதி... காலையில."

*

"பவளம் கம்ப்ளைன்ட் குடுத்துச்சா?"

டாக்டரின் ஹாலில் வந்து நின்ற இன்ஸ்பெக்டர் சிரித்தார். தங்கையைக் கைது செய்த அதே இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"சார், கால்ல வேணும்னாலும் விழறேன்... அந்தக் கதவை மட்டும் திறந்து பாருங்க!"

"உங்க வீட்டுக் கதவைத் திறக்க நான் எதுக்கு?"

"எனக்குப் பயமா இருக்கு சார்."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. மாடிப்படி ஏறினார். கதவில் காதை வைத்தார். பிறகு ஓசையில்லாமல் உப்புத்தண்ணியின் பக்கம் கையை நீட்டினார்.

"ஸ்க்ரூ டிரைவர்."

ஒரு திருகாணி...

இரண்டு...

மூன்று...

பூட்டு தாழ்ப்பாளோடு பெயர்ந்து கையில் வந்தது!

கதவு திறந்ததும் புழுக்கம் முகத்தில் அறைந்தது. எல்லா ஜன்னல்களும் அடைத்து, ஓரங்களில் டேப் ஒட்டியிருந்தது. கட்டிலில் ஒருவன் விருட்டென்று எழுந்தான். மூன்று வாரத் தாடி. ஆனாலும் அந்த முகம்...

டாக்டர் இன்ஸ்பெக்டரைத் தாண்டி உள்ளே நுழைந்தார்.

"மா... மாப்பிள்ளை!"

"மச்சான்... கத்தாதீங்க! நான் சொல்றதைக் கேளுங்க..."

இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பிடித்துத் திருப்பினார். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய தழும்புகள், வரிசையாக!

"பாத்ரூம் ரத்தம்?"

"என்னோடதுதான்... ரெண்டு மாசமா, வாரம் ஒரு குப்பியா எடுத்துச் சேர்த்து வச்சது."

"யார் எடுத்தா?"

அவன் தலை குனிந்தது.

மேஜையில் இரண்டு பாஸ்போர்ட்கள். இன்ஸ்பெக்டர் முதலாவதை விரித்தார். அவன் படம், வேறு பெயர். இரண்டாவதை விரித்தார். டாக்டரைப் பார்த்தார். மூடினார்.

"யாரு சார் அது?"

"டாக்டர், நீங்க முதல்ல உட்காருங்க."

"யாரு சார்?!"

பிடுங்கிப் பார்த்தார் டாக்டர்.

படத்தில் அவர் மனைவி!

புதுப் பெயர். கணவர் என்ற இடத்தில்... பக்கத்துப் பாஸ்போர்ட்டின் பெயர்.

"என் தங்கச்சி ஜெயில்ல கிடக்கறாடா!" அலறினார் டாக்டர். அடிக்கத் தூக்கிய கை பாதியிலேயே விழுந்தது. "ஒளிய உனக்கு என் வீடுதான் கிடைச்சுதா?"

"அவதான் சொன்னா மச்சான்... உங்களுக்குக் கிளினிக்கும் தொட்டியும்தான் உலகம், இந்த மாடிப்படி ஏறவே மாட்டீங்கன்னு."

டாக்டர் அப்படியே படியில் உட்கார்ந்தார். மூன்று வாரம்! ராத்திரி எல்லாம் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவர் கண்ணீரைத் துடைத்துவிட்டாளே... அந்தக் கை!

கீழே காத்திருந்த மற்ற போலீஸார், மனைவியைப் பிடிக்க ரத்த வங்கிக்கு ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்டது. தங்கை வெளியே வருவாள். மனைவி உள்ளே போவாள். ஜெயில் வாசலுக்கு மட்டும் அவர் போய்க்கொண்டே இருக்கவேண்டும்.

உப்புத்தண்ணி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய், அறையின் ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

கான்ஸ்டபிள் பேனாவும் காகிதமுமாக விழித்துக்கொண்டு நின்றார்.

"சார்... கொலைக் கேஸாச்சே! வாக்குமூலம் யாரு பேர்ல எழுதறது?"

இன்ஸ்பெக்டர் தாடிக்காரனுக்கு விலங்கை மாட்டியபடியே திரும்பினார்.

"கொலையானவர் பேர்லதான்! படிச்சுக் காட்டிட்டு... மறக்காம அவர்கிட்டயே கையெழுத்து வாங்கு!"