வெற்றிக்குப் பின் பதினோரு நிமிடங்கள்

முப்பது சிறுபரிகளும் மூன்று பக்கம் மறித்துக்கொண்டு காட்டுப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டபோது பூங்கோதைக்கு உடம்பு சிலிர்த்தது. அது அவளுடைய ஆட்டம். திரையில் ஒன்பது வருஷமாக ஆடியது, இப்போது வேம்பாறையின் மக்காச்சோளக் காட்டில் இரும்புக் கால்களோடு ஓடிக்கொண்டிருந்தது.

பொழுது இப்போதுதான் விடிந்திருந்தது. கிணற்று மோட்டார் அறையின் மொட்டை மாடியில் அவளும் பொறியாளர் தேவசகாயமும் நின்றிருந்தார்கள். கீழே வரப்பில் ஊர்க்காரர்கள் முப்பது நாற்பது பேர். சோளத்துக்குள் ஒன்பது யானைகள்.

சிறுபரி என்பது ஓர் ஆட்டின் உயரமே உள்ள நான்கு கால் பொறி. அதற்கு ஆயுதம் கிடையாது. மலைத்தேனீக் கூட்டத்தின் இரைச்சலை எழுப்பும், கண்ணைக் கூசவைக்கும் ஒளியை வெட்டும், மேடு பள்ளம் பார்க்காமல் ஓடும். யானையை ஊருக்குள் வராமல் விரட்டுவதுதான் அதன் வேலை. ஓடத் தெரிந்த பொறியைச் செய்வது தேவசகாயத்தின் நிறுவனத்துக்குச் சிரமமாக இல்லை. எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் தலைகீழாக நின்று பார்த்தார்கள். கடைசியில் 'நாற்படை' என்ற கணினிப் போர் விளையாட்டின் மாநில வாகையரான பூங்கோதையைத் தேடி ஈரோட்டுக்கு வந்தார்கள்.

நாற்படையில் மற்றவர்கள் யானையையும் கவசக் குதிரையையும் நம்புவார்கள். பூங்கோதை நம்பியது இலகு குதிரைப்படையை. கவசம் இல்லை, வில்லும் சிறு ஈட்டியும்தான். நேருக்கு நேர் மோதினால் ஒரு நிமிடம் தாங்காது. பழங்காலத்துப் படைத்தலைவர்கள் அதை மோதவிடவும் மாட்டார்கள். முன்னால் போய் எதிரியைப் பார்த்துவரும், தீவனத்தைக் கொளுத்தும், பக்கத்தில் கடித்துவிட்டு ஓடும், ஓடுவதுபோல் காட்டி எதிரியை வரிசையிலிருந்து பிய்த்து இழுக்கும். துரத்த வருகிறவனுக்குப் பிடி கொடுக்காது. அப்படி அவள் ஆடிய ஒவ்வோர் அசைவும் பதிவாகியிருந்தது. கைத்தடம் என்று அதற்குப் பெயர். அந்தக் கைத்தடத்தைத்தான் சிறுபரிகளுக்குள் ஏற்றியிருந்தார்கள்.

கூட்டத்தின் தலைவியான பெரிய பெண் யானை காதை விரித்துக்கொண்டு பாய்ந்தது. எதிரில் நின்ற ஆறு பொறிகளும் சட்டென்று சிதறிப் பின்வாங்கின. அதே நொடியில் மறுபக்கத்திலிருந்து பத்துப் பொறிகள் இரைந்துகொண்டு நெருங்கின. தலைவி அந்தப் பக்கம் திரும்பினால் அங்கேயும் ஆள் இல்லை. கால் மணி நேரம்தான். யானைகள் களைத்து, குழம்பி, திறந்துகிடந்த ஒரே பக்கமாக நடந்தன. நடை ஓட்டமாயிற்று. காட்டோரத்தில் தூர்ந்துகிடந்த யானைத் தடுப்பு அகழியைத் தாண்டிக் காட்டுக்குள் போய் மறைந்தன; பொறிகளும் பின்னாலேயே போயின. ஒரு யானைக்கும் கீறல் விழவில்லை.

தேவசகாயத்தின் கைத்திரையில் 'வெற்றி' என்று பச்சை எழுத்து வந்தது. கீழே விசிலும் கைதட்டலும்.

"அம்மிணி, கையெடுத்துக் கும்பிடறனுங்க," என்றார் செல்லப்பன். அந்தச் சோளக் காட்டின் சொந்தக்காரர். போன தை மாதம் அவருடைய தம்பியை இதே வரப்பில் யானை மிதித்துக் கொன்றிருந்தது. "வாங்க, ஊட்டுல இட்லி தயாரா இருக்குது. சாப்புட்டுத்தான் போகோணும்."

சாப்பிட்டு முடித்து வந்தபோதும் பொறிகள் திரும்பியிருக்கவில்லை.

"மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கும் மேடம். அங்க சிக்னல் கிடையாது. தானா வந்துரும்," என்றான் தேவசகாயம். ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வனக்காவலர் மாதன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"சார், உங்க மிசினை நிறுத்துங்க சார். இன்னும் அடிச்சுத் தொரத்துது. குட்டி நடக்க மாட்டேங்குது சார்..."

ஜீப் காட்டுப்பாதையில் போகும் வரை போயிற்று. அப்புறம் நடந்தார்கள். முறிந்த மரங்களே வழி காட்டின. ஓடை மணலில் குட்டி யானை ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. பூங்கோதை அருகில் போய்க் குனிந்தாள். வாயில் நுரை காய்ந்திருந்தது. அடிபட்ட அடையாளம் எதுவும் இல்லை. ஓடியே செத்திருக்கிறது.

"இதுக்கு மேல பாக்க வேண்டாம்மா," என்றார் அங்கே காத்திருந்த மாதன். அவள் கேட்கவில்லை.

மேட்டுக்கு அப்பால் கைவிடப்பட்ட கல்குவாரி. அதன் விளிம்பில் சிறுபரிகள் அரைவட்டமாக நின்றிருந்தன. உள்ளே அறுபதடி ஆழத்தில் மூன்று யானைகள். தலைவி ஒரு பாறைமேல் கழுத்து மடங்கிக் கிடந்தது. இன்னொன்றின் துதிக்கை மட்டும் மெல்ல அசைந்தது. அந்தக் காட்சி பூங்கோதையின் கண்ணுக்குள் போயிற்று, மனசுக்குள் போகவில்லை. இது வேறு யாருக்கோ நடந்தது என்பதுபோல் நின்றாள்.

அப்போது சரிவில் கிளைகள் ஒடிந்தன. பாதி வளர்ந்த கொம்பன் ஒன்று தடுமாறி ஓட, அதன் பின்னால் ஆறு பொறிகள். குவாரி விளிம்பை நோக்கித்தான் ஓடுகிறது.

"தேவா, நிறுத்து!"

"நிறுத்துற கட்டளை போகுது மேடம், எடுக்க மாட்டேங்குது. துரத்தும்போது வெளியிலேருந்து வர்ற கட்டளையைக் கடைசியாத்தான் பாக்கும்."

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அவள் சரிவில் இறங்கி ஓடினாள். யானைக்கும் விளிம்புக்கும் நடுவில் போய்க் கத்த நினைத்தாள். இருபது அடி ஓடியிருப்பாள். ஆறு பொறிகளும் தலையைத் திருப்பின. கொம்பனை விட்டன. அவளை நோக்கி வந்தன.

ஓடுகிறவர்களில் அருகில் இருப்பவரை முதலில் துரத்துவது. ஆட்டத்தில் அது அவள் பழக்கம்.

தேனீ இரைச்சல் காதை அடைத்தது. இடது பக்கம் வெளிச்சம் வெட்டியது, கால் தானாக வலது பக்கம் விலகியது. வலது பக்கம் விளிம்பு இருந்தது. அடுத்தது எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கால் நிற்கவில்லை. தன்னைத் துரத்துவது தானேதான் என்று புரிந்தது. என் குதிரைகள் யாரைக் கண்டு விலகும்? திரும்பி நிற்பவனை. அவள் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, திரும்பி, அவற்றைப் பார்த்து நின்றாள்.

பொறிகள் பத்தடியில் நின்றன. ஒரு முறை சுற்றிவந்தன. ஓடுவதற்கு அங்கே வேறு யாரும் இல்லை. கொம்பன் அதற்குள் புதருக்குள் போய்விட்டிருந்தது. இரைச்சல் அடங்கியது. ஆறும் வரிசையாக அவளைக் கடந்து, விளிம்பில் நின்ற மற்றவற்றோடு சேர்ந்து, ஊரைப் பார்த்து ஒழுங்காக நடந்தன.

ஜீப்பில் ஏறியதும் அவள் தேவசகாயத்தின் பக்கம் திரும்பினாள்.

"இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாள். "வெரட்டணும்னுதானே பேச்சு? கொல்லணும்னு யார் எழுதினது?"

தேவசகாயம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைத்திரையில் எதையோ தேடி எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"நாங்க ஒரு வரிகூட எழுதலை மேடம். எல்லாம் உங்க கைத்தடம்தான். ரெண்டாயிரத்து முன்னூத்திப் பதினாறு ஆட்டம். வெற்றின்னு எழுத்து வந்ததும் நீங்க என்ன செய்வீங்க?"

"எழுந்துபோய் டீ போடுவேன். அப்ப நான் ஆடவே இல்லையே!"

"ஆட்டம் நடந்துகிட்டுத்தான் இருந்திருக்கு. எதிரிப்படை உடைஞ்சு ஓடும். உங்க குதிரை துரத்தும். சராசரியா பதினோரு நிமிஷம், கடைசி ஆள் விழற வரைக்கும். திருப்பிக் கூப்பிட முரசுப் பொத்தான் ஒண்ணு இருக்கு, ஓரத்துல. ஒரு ஆட்டத்துலகூட நீங்க அதைத் தொடலை. பொறிக்கு அது என்னன்னு புரியும்? இதுதான் சரின்னு எடுத்துக்கிச்சு."

அந்தப் பொத்தானை அவளுக்குத் தெரியும். அழுத்தினால் புள்ளி குறையும். அதனால் யாருமே அழுத்துவதில்லை. பழைய போர்களைப் பற்றி அவள் நிறையப் படித்திருந்தாள். வரிசை குலையாமல் நிற்கும்வரை செத்தவர்கள் கொஞ்சம் பேர். முதுகு காட்டிய பிறகு இலகு குதிரைகளிடம் சிக்கிச் செத்தவர்களே அதிகம் என்பதும் தெரியும். அந்தப் பக்கங்களையும் அவள் வேகமாகத்தான் புரட்டியிருக்கிறாள்.

மறுநாளிலிருந்து அவள் புதிதாக ஆடத் தொடங்கினாள். வெற்றி எழுத்து வந்ததும் முரசை அழுத்துவாள். குதிரைகள் திரும்பும். ஆனால் கடைசி ஆள் விழும்வரை ஆட்டம் முடிவதில்லை. தப்பித்த எதிரிகள் ஆற்றுக்கு அப்பால் ஒன்றுகூடி, மூச்சு வாங்கி, மறுபடியும் வருவார்கள். தொண்ணூறு ஆட்டத்தில் அறுபத்தொன்றில் தோற்றாள். ஒன்பது வருஷத்தில் சேர்த்த பட்டம் இரண்டு வாரத்தில் போயிற்று. ஆனாலும் அந்தப் புதிய கைத்தடத்தை வேம்பாறைக்குக் கொண்டுபோனாள். ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நடந்தது.

"பழையதை அழிச்சிருங்க," என்றாள். "இது அகழியோட நின்னுரும்."

செல்லப்பன் எழுந்தார். "அம்மிணி, அந்தக் குட்டி செத்ததுக்கு எம் பொண்டாட்டி ரெண்டு நாள் சோறு திங்கலீங்க. எங்களுக்கும் நெஞ்சுல ஈரம் இருக்குதுங்க. ஆனா நீங்க ஒண்ணு கேளுங்க. அன்னிலேருந்து இருவத்திநாலு நாளாச்சு. ஒரு யானை வரலீங்க. மூணு தலைமுறையா இப்படி ஒரு மாசம் நாங்க கண்டதில்லை. இந்தப் புதுசு வெரட்டுனா திரும்ப வராதுங்களா?"

தொண்ணூறில் அறுபத்தொன்று என்பது அவளுக்குத்தானே தெரியும்.

"வரும்," என்றாள்.

"அப்பப் பழசே இருக்கட்டுங்க."

யாரும் கத்தவில்லை, யாரும் அவளைத் திட்டவில்லை. ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். பின்வரிசையில் மாதன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஓட்டு கணக்கில் வராது, அவர் அந்த ஊர்க்காரர் இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் தேவசகாயம் கூப்பிட்டான். ஏழு ஊர்களிலிருந்து சிறுபரி கேட்டிருக்கிறார்கள் என்றான்.

"எட்டாவதா ஒரு ஆர்டர் மேடம். வெளிநாடு. காட்டுக்கு இல்லை. ஊர்வலம், மறியல் மாதிரி கூட்டம் கலைக்கிறதுக்கு."

"மனுஷங்க மேலயா?"

"நாங்க உங்க முழுக் கைத்தடத்தையும் தர்றோம்னு சொன்னோம். வளைக்கிறது, விலகுறது, வழி விடறது எல்லாம். அதெல்லாம் வேண்டாமாம். நீங்க எழுந்து போன அப்புறம் நடந்தது இருக்கில்ல, அது மட்டும் போதுமாம்."

"நான் சம்மதிக்க மாட்டேன்."

"கேக்க வேண்டியதில்லை மேடம். விளையாட்டை முதல்ல இறக்கினப்பவே எல்லாத்துக்கும் சம்மதம்னு அழுத்தியிருக்கீங்க. உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு வரலை. அதான்."

அவள் அன்று எதுவும் சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிறு காலை பத்து மணிக்கு, பழைய வாகையர் திரும்ப வருகிறார் என்று அறிவித்துவிட்டு நேரலையில் உட்கார்ந்தாள். நாற்பத்தோராயிரம் பேர் பார்க்க வந்தார்கள். அவள் பழையபடியே ஆடினாள். பொய்யாக ஓடினாள், இழுத்தாள், வளைத்தாள், ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டாள். இருபத்தாறாவது நிமிடத்தில் எதிரி வரிசை உடைந்தது. 'வெற்றி' என்று பொன் எழுத்து விழுந்தது. வாழ்த்துகள் மழையாகக் கொட்டின.

பூங்கோதை எழவில்லை. வானத்திலிருந்து பார்க்கும் காட்சியைக் கீழே இறக்கி, ஓடுகிறவர்களின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள். தலைப்பாகை இழந்த ஒருவன் ஈட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடினான். அவனுக்குப் பின்னால் அவளுடைய குதிரை.

"போகாதீங்க," என்றாள். "இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு. இதைப் பாருங்க. இது நம்ம எல்லாரோட ஆட்டத்துலயும் இருக்கு. இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. தயவுசெஞ்சு பாருங்க."

முதல் நிமிடத்தில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை முப்பதாயிரத்துக்கு இறங்கியது. மூன்றாவது நிமிடத்தில் நாலாயிரம். தலைப்பாகை இழந்தவன் விழுந்தான். குதிரை அடுத்தவனிடம் போயிற்று. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ஆறாவது நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவரிடமிருந்து ஒரு வரி வந்தது. யாரோ ஒருவராவது கேட்க வந்தார்களே என்று அவள் திரைக்கு அருகில் குனிந்து படித்தாள்.

"அக்கா, இந்தப் பார்ட்டை மட்டும் கொஞ்சம் வேகமா ஓட்டுங்களேன்."