வாரேன்

மூன்றாவது நாள் கேட்டபோதுதான் அந்தக் குரல் கிட்டே வந்திருப்பதை வீரலட்சுமி கவனித்தாள். முதல் நாள் அது கடலில் நிற்கும் வள்ளத்திலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் தூரத்தில் கேட்டது. மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. இன்று கதவருகிலேயே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, இளவயசு ஆண்குரல் ஒன்று "வாரேன்" என்றது.

"தம்பி, இது யாரு பேசுனது?"

சதக் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. சவுண்டு வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து வந்திருப்பவன் அவன். "நம்ம எடுத்ததுல இப்பிடி ஒரு ஆளே இல்ல டீச்சர். எங்கனயோ எதிரொலிக்குது."

எதிரொலிக்க அங்கே வழி இல்லை. தங்கச்சிமடத்தில் பல வருஷமாக மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனி அது. குளிர் வெளியே போகாமலிருக்கச் சுவருக்குள் உமி அடைத்துக் கட்டிய, ஜன்னலே இல்லாத கூடம். கதவைச் சாத்தினால் நட்டநடுப் பகலிலும் தன் கை தனக்குத் தெரியாது, கத்தினாலும் சத்தத்தைச் சுவர் விழுங்கிவிடும். அதற்காகத்தான் வீரலட்சுமி அந்த இடத்தைப் பிடித்தாள். பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சரை நம்பிச் சென்னையில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு பெரிய வேலையைக் கொடுத்திருந்தது. பூமி சூடாகிக் கடல் ஏறுவதை ஜனங்கள் உள்ளே நுழைந்து உடம்பால் உணருகிற மாதிரி ஒரு கலைக்காட்சி செய்ய வேண்டும். அடுத்த வாரம் திறப்பு.

கூடத்துக்குள் ஒரு வீட்டை அவள் அமைத்திருந்தாள். கட்டில், அடுப்பு, பிரம்பு நாற்காலிகள், சுற்றிலும் கறுப்புத் துணி. வருகிறவர்கள் உட்கார்ந்ததும் விளக்கு அணையும். கடல் சத்தம் காலடியில் தொடங்கி இடுப்புக்கு ஏறும், கழுத்துக்கு ஏறும். பிறகு வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களின் குரல்கள், ஒவ்வொன்றாக, "போறேன்" என்று வீட்டிடம் சொல்லும்.

அந்தப் "போறேன்"தான் வாய்க்கவில்லை. கரையோரத்தில் ஒருத்தர்கூட அதைச் சொல்ல மாட்டேனென்றார்கள். "வாசப்படியப் பாத்துப் போறேன்னு எப்பிடித்தா சொல்லுவேன், நாக்கு அழுகிப் போகாது?" என்று மீன்கார பஞ்சம்மாள் மைக்கைத் தள்ளிவிட்டாள். கடைசியில் எல்லாரும் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்கள். வாரேன். இருட்டில் கேட்டால் அது போகிறவர்கள் குரலாகவே இல்லை. போதாக்குறைக்குக் கேட்கிறவர் வாயில் பதில் தன்னால் வந்துவிடும். முதல் சோதனையில் பஞ்சம்மாளின் குரலுக்குச் சதக்கே "சரி, வாங்க" என்று சொல்லிவிட்டு அசடு வழிந்தான். இருவரும் சிரித்தார்கள். அந்தத் தெரியாத குரல் முதன்முதலாகக் கேட்டதும் அன்றைக்குத்தான்.

நாலாவது நாள் சாயங்காலம் அது நாற்காலிகளுக்கு நடுவே கேட்டது. கூடவே ஒரு பெயரும் சொன்னது. "மீனா, வாரேன்."

வீரலட்சுமி எழுந்து போய்த் தானே விளக்கைப் போட்டாள். 

அவள் அம்மா மீனம்மாளை மீனா என்று கூப்பிட்ட ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். அறுபத்துநாலு புயலுக்கு முந்தின நாள், தனுஷ்கோடிக்குக் கருவாடு ஏற்றப் போன, அவளைப் பெற்ற அய்யா. கைப்பிள்ளையாக இருந்த இவளைத் தூக்கிக்கொண்டு தானும் வருவதாக அம்மா அடம்பிடித்தாள். அவர் வேண்டாமென்றார். வாசலில் நின்று அவர் "வாரேன் மீனா" என்றபோது அம்மா கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புயலில் அந்த ஊரே கடலுக்குள் போனது, அவர் உடல் கிடைக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷமாக அம்மா பொட்டை அழிக்கவில்லை, அழிக்கச் சொன்ன சொந்தபந்தங்களோடு பேச்சுவார்த்தையும் இல்லை. "வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல" என்று மட்டும் திடீர் திடீரென்று சொல்வாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத வீரலட்சுமிக்கு அம்மாவை விட்டால் வேறு ஆள் கிடையாது. அய்யாவின் குரல் அவளுக்கு நினைவில் இல்லை. அதனால் இது அவர்தான் என்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் அம்மா சொல்லிவிடுவாள். அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்கு நானும் வாரேன் லெச்சுமி" என்றாள் அம்மா, சோறு போட்டபடி. "ஊரே பாக்கப் போகுது, பெத்தவ பாக்கக் கூடாதா?"

"இன்னும் முடியலம்மா. நான் சொல்றப்ப வா."

"என்னமோ ஒளிக்கிற."

"ஒண்ணுமில்ல."

காலையில் போனதும் போகாததுமாகச் சதக்கிடம் சொன்னாள். "ஆளுக பேசுறதெல்லாத்தையும் எடுத்துருங்க தம்பி. கடல் மட்டும் போதும்."

"அப்ப கத கெட்டுருமே டீச்சர்."

"கெடட்டும்."

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தான். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். உட்கார முடியவில்லை, ஒழுங்காக இருந்த துணியை இழுத்து விட்டாள், நேராக இருந்த நாற்காலியை நகர்த்தினாள். மத்தியானம் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றான் சதக். விளக்கு அணைந்தது.

காலடியில் அலை மெதுவாக உருண்டது, பழைய அமோனியா நெடியும் துருவும் எப்போதும்போல மூக்கில் ஏறின. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, நேற்று வரை இல்லாதது, மூட்டையோடு நனைந்து ஊறிப்போன கருவாட்டின் வாடை, மெல்லத் தரையோடு வந்து அவள் பாதத்தைச் சுற்றிக்கொண்டது. சத்தம் இடுப்புக்கு ஏறியது. குளிர்ந்தது. இங்கே மிஷின் ஓடி எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் குளிர்ந்தது.

"சதக், நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டிட்டேன் டீச்சர்."

அலை நிற்கவில்லை.

பக்கத்து நாற்காலி அசைந்தது. தொண்டையைச் செருமும் ஒலி. அவள் காதோரம். ஈர மூச்சு.

"மீனா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் சொல்லக் கூடாது. யாரும் சொல்லக் கூடாது.

"வாரேன்."

வாசல் பக்கம் திரை விலகும் சரசரப்பு. தூக்குச்சட்டி மூடியின் கிணுக்கு. சூடான ரசத்தின் மணம்.

அம்மா.

"அம்மா, பேசாத. பதில் சொல்லாதம்மா."

இருட்டில் அம்மா நாற்காலியில் உட்காரும் சத்தம். பிறகு அம்மா பேசினாள். வீரலட்சுமி ஒருநாளும் கேட்டிராத குரல். இருபது வயசுக் குரல்.

"வாங்க."

கடல் நின்றது.

சதக் தடவித் தடவி விளக்கைப் போட்டான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குச்சட்டி. எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அதன் பிரம்பு, கனத்த ஆள் உட்கார்ந்ததுபோல் தாழ்ந்திருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மாவின் இடது மணிக்கட்டில் ஐந்து விரல்களின் பள்ளம் அழுந்திக் கிடந்தது. பிடித்திருந்த கை தெரியவில்லை.

"அம்மா, எந்திரி. போயிரலாம்."

அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அப்போது துணிக்குப் பின்னால் ஒரு பெண் குரல், வாரேன். அதற்கு அப்பால் ஒரு கிழவர், வாரேன். ஒரு சிறுபிள்ளை. இன்னொன்று. ஒரு ஊர் முழுக்க.

அம்மா தலையைத் திருப்பினாள். பந்திக்கு அழைக்கிற வீட்டுக்காரியைப் போல, வாய் நிறைய.

"எல்லாரும் உள்ள வாங்க."

நாலு பக்கமும் கறுப்புத் துணி, ஆள் உயரத்தில், உள்நோக்கிப் புடைத்தது.